தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி?

பகுதி நேரமாக முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கும் ஆசிரியர்கள், கிளினிக்கில் வேலை செய்யும் தாதியர், செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகள் என்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திலேயே ஆய்வு செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆய்வை எப்படியோ முடித்துவிடுகிறார்கள். அதைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பும் இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். வளாகத்திலேயே இருப்பவர்களுக்குப் பக்கத்து அறையில் கேட்க ஆள் உண்டு. நமக்கோ நெறியாளரைப் பார்க்கவே சனிக்கிழமை ரயிலேறித் தஞ்சோங் மாலிமுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டும், கிடைக்கிற ஒரு மணி நேரம் ஆய்வைப் பற்றிப் பேசவே போதாது, எந்தக் கோப்பை எங்கே ஏற்றுவது என்றெல்லாம் கேட்க நேரமே இருக்காது.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாணவர் வாசிப்பு பற்றிய என் கட்டுரை வெளிவருவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆய்வு நன்றாக இருந்தும் தாள் வேலை சரியில்லாமல் திரும்பி வரும் கட்டுரைகள் உண்டு, அதைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் அனுமதிக் கடிதங்கள்

மொழியைப் பிறகு திருத்தலாம், அட்டவணையைப் பிறகு திருத்தலாம். வாங்காமல் விட்ட அனுமதியைப் பின்தேதியிட்டு வாங்க முடியாது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

பள்ளியில் தரவு திரட்டுவதானால் கல்வி அமைச்சின் இபிஆர்டி (கல்வித் திட்டமிடல், ஆய்வு) பிரிவுக்கு இராஸ் இணைய முறை வழியாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து மாநிலக் கல்வி இலாகாவின் கடிதம், அப்புறம் தலைமையாசிரியரின் சம்மதம். விண்ணப்பத்தோடு ஆய்வு முன்மொழிவும் வினாநிரலும் பல்கலைக்கழகத்தின் உறுதிக் கடிதமும் தயாராக இருக்கட்டும். வினாநிரலை முடிவு செய்யாமல் விண்ணப்பிக்காதீர்கள், ஏனென்றால் அனுமதி கிடைத்தது அந்தக் கேள்விகளுக்குத்தான். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் சம்பந்தப்பட்ட ஆய்வானால் என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஒராங் அஸ்லி என்ற பூர்வகுடிகளின் கிராமங்களுக்குப் போவதானால் அவர்களின் நலனைக் கவனிக்கும் அரசாங்க இலாகாவான ஜாக்கோவாவின் அனுமதி. இவை ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் ஆகும், மாதங்களும் ஆகலாம், அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

தோட்டத்துக்குள் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மேனேஜர் “தாராளமா செய்ங்க” என்று சொன்னது போதாது. அவர் நாளைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விடலாம், புதிதாக வருகிறவருக்கு உங்களை யாரென்றே தெரியாது. ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டு, தோட்டத்தின் பெயர் அச்சிட்ட தாளில் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் உள்ள கடிதமாக வாங்கி வையுங்கள். சம்மதப் படிவம் கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இன்றைக்குத் தோட்டங்களில் இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், தமிழிலும் மலாயிலும் மட்டும் படிவம் அடித்துக்கொண்டு போனால் எல்லாருடைய சம்மதமும் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து.

ஒப்புதல் எண், தேதி, எந்தக் குழு கொடுத்தது என்ற மூன்றையும் கட்டுரையில் எழுதச் சொல்வார்கள். கடிதங்களையெல்லாம் வருடி (ஸ்கேன் செய்து) ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நம் ஊர்கள் சின்னவை. பள்ளியின் பெயரை மறைத்துவிட்டு, “சுங்கை சிப்புட்டில் ஆற்றோரம் உள்ள, நாற்பது மாணவர் படிக்கும் தமிழ்ப்பள்ளி” என்று எழுதினால் அது எந்தப் பள்ளி என்று ஊரே சொல்லிவிடும். ஐந்தாம் ஆண்டில் மெதுவாகப் படிக்கும் ஒரே பையன் யாரென்றும் சொல்லிவிடும். மாநிலம், மாவட்டம் என்ற அளவில் நிறுத்துங்கள். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் வயதையும் வகுப்பையும் சேர்த்தே போடாதீர்கள்.

2. உங்கள் பட்டத்துக்கு என்ன தேவை?

பட்டம் பெறக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், ஏன், படிப்புக்குப் படிப்பு மாறும். உங்கள் பட்டப்படிப்புக் கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் அனைத்துலகத் தளங்களான ஸ்கோப்பஸ் அல்லது வெப் ஆஃப் சயன்ஸில் உள்ள இதழ்தான் வேண்டுமா, அதே மாதிரி நம் நாட்டு மைசைட் பட்டியல் போதுமா, வெளிவந்திருக்க வேண்டுமா, ஏற்புக் கடிதமே போதுமா, நீங்கள் முதல் ஆசிரியராக இருக்க வேண்டுமா. சீனியர் ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சொன்னதை நம்பி இதழைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அவர் சேர்ந்த ஆண்டின் விதி வேறாக இருந்திருக்கலாம்.

3. இதழைத் தேர்ந்தெடுத்த பிறகே எழுதுங்கள்

முதலில் எழுதிவிட்டு அப்புறம் இதழ் தேடினால் கட்டுரையை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் துணைநூற்பட்டியலைப் பாருங்கள். நீங்கள் அதிகமாக மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன? அங்கிருந்து தொடங்குங்கள். மூன்று இதழ்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அண்மைய இரண்டு இதழ்களையும் பொருளடக்கத்தோடு படியுங்கள். உங்கள் தலைப்பு மாதிரி ஒன்றுகூட இல்லையென்றால் அது உங்கள் இதழ் அல்ல.

தமிழிலேயே எழுதுகிறீர்கள் என்றால் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தமிழ்ப் பேராய்வும், உப்சி எனும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் வளர்தமிழும் பார்க்க வேண்டியவை. உள்நாட்டு இதழ்களை மைஜர்னல் தளத்தில் தேடலாம்.

தேர்ந்தெடுத்ததும் “ஆசிரியர்களுக்கான வழிமுறை” பக்கத்தை அச்செடுத்துக் கையில் பென்சிலோடு படியுங்கள். சொல் வரம்பு (மேற்கோள் பட்டியல் அதில் சேருமா சேராதா என்பதையும் பாருங்கள்), சுருக்கத்தின் நீளம், மேற்கோள் முறை, எத்தனை படம், பெயர் மறைத்த மதிப்பீடா (எழுதியவர் யாரென்று தெரியாமல் மதிப்பிடுவது) இல்லையா, கட்டணம் என்று கோடு போட்டு வையுங்கள். நம் நாட்டு இதழ்கள் சில ஆங்கிலத்திலும் மலாயிலும்கூடச் சுருக்கம் கேட்கும். மலாய்ச் சுருக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அப்படியே ஒட்டாதீர்கள், உங்கள் பள்ளியிலேயே மலாய் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் இருப்பார், ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

4. பணம் பறிக்கும் இதழ்களை அடையாளம் காணுங்கள்

உங்கள் பெயர் ஒரு கருத்தரங்கு மலரில் வந்துவிட்டால் போதும், “மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, ஏழு நாளில் வெளியிடுகிறோம்” என்று மின்னஞ்சல் வரத் தொடங்கிவிடும். பட்டத்துக்கு அவசரப்படுகிறவர்கள் இதில் விழுகிறார்கள். உழைத்துச் சேர்த்த காசும் போகும், கட்டுரையும் போகும், ஏனென்றால் அங்கே வந்த கட்டுரையை வேறு நல்ல இதழ் ஏற்காது.

இதழின் சொந்தத் தளத்தில் “ஸ்கோப்பஸ்” என்று முத்திரை போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஸ்கோப்பஸின் மூல இதழ்கள் பக்கம் இலவசம், கணக்கு இல்லாமலே பார்க்கலாம். ஒவ்வோர் இதழுக்கும் தனியாக உள்ள எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை அதில் போட்டுத் தேடுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று காட்டும், நடுவில் நிறுத்தப்பட்ட இதழ் என்றால் அதுவும் தெரியும். இன்னொரு மோசடி நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துவது. திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் குழு 2022 முதல் இப்படிப்பட்ட போலித் தளங்களின் பட்டியலை வைத்திருக்கிறது, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். “திங்க் செக் சப்மிட்” என்ற இலவசத் தளத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக இருக்கின்றன.

கட்டணம் விஷயம். சந்தா இதழ்கள் பெரும்பாலும் எழுதுகிறவரிடம் காசு வாங்குவதில்லை. உள்நாட்டுப் பல்கலைக்கழக இதழ்களில் இலவசமானவையும் உண்டு, சில நூறு வெள்ளி வாங்குபவையும் உண்டு. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய வெளிநாட்டுத் திறந்த அணுக்க இதழ்கள் சில நூறு அமெரிக்க டாலர் முதல் சில ஆயிரம் டாலர் வரை கேட்கும், அது ஓர் ஆசிரியர் சம்பளத்தில் தாங்கக்கூடியது அல்ல. கட்டணக் குறைப்பு உண்டா என்று அனுப்புவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள், ஏற்றபிறகு கேட்டால் பல இதழ்கள் தருவதில்லை. நெறியாளரின் ஆய்வு மானியத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். பணம் கட்டுவது பொதுவாக ஏற்புக் கடிதத்துக்குப் பிறகுதான், பல்கலைக்கழகம் அல்லது பதிப்பகத்தின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான். தனி ஆள் கணக்கு எண் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

5. யார் யார் பெயர், எந்த வரிசையில்

இதை எழுதி முடித்தபிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். யாரை ஆசிரியராகப் போடலாம் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். மற்றத் துறைகளுக்கும் இது நல்ல அளவுகோல்தான். தரவு திரட்ட உதவிய சக ஆசிரியருக்கும் அனுமதி தந்த தலைமையாசிரியருக்கும் நன்றியுரையில் இடம் கொடுங்கள், அவர்கள் பெயரை மரியாதைக்காக ஆசிரியர் வரிசையில் சேர்க்காதீர்கள். முடிவானதை நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்பி “சரி” என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பெயர்களில் ஒரு சிக்கல். அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று இருப்பதை அப்படியே போட்டால் மேற்கோள் தளங்கள் கடைசியில் உள்ள அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், ஏ/பி என்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி பதியும். ஒரு வடிவத்தை இப்போதே முடிவு செய்து, வாழ்நாள் முழுக்க அதையே போடுங்கள். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஓர்கிட் தளத்தில் 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கும், பத்து நிமிட வேலை.

அப்புறம் மின்னஞ்சல். மாணவர் மின்னஞ்சல் பட்டம் முடிந்ததும் மூடப்படலாம். கட்டுரைக்கான பதில் அதற்குப் பிறகு வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நிலையான ஒரு முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

6. ஆய்வேட்டை வெட்டிக் கட்டுரையாக்குதல்

ஆய்வேட்டின் ஐந்து இயலையும் சுருக்கி ஒரு கட்டுரையில் திணிக்கப் பார்ப்பது பலரும் செய்வது. வேண்டாம். ஆய்வுக் கேள்விகளில் ஒன்றை, மிஞ்சிப்போனால் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்குத் தேவைப்படாத எதுவும் உள்ளே வரக்கூடாது, இலக்கிய மீள்பார்வையில் நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய பக்கங்களாக இருந்தாலும் சரி.

எழுதும் வரிசைக்கு என் யோசனை: முதலில் அட்டவணைகளும் படங்களும், அப்புறம் ஆய்வு முறை, கண்டறிந்தவை, கலந்துரையாடல், அறிமுகம், கடைசியில் சுருக்கமும் தலைப்பும். சுருக்கம் பெரும்பாலும் 150 முதல் 250 சொல்லுக்குள் கேட்பார்கள். அதில் மேற்கோள் வேண்டாம், எண்களைப் போடுங்கள். ஆசிரியர் குழு முதலில் படிப்பது அதைத்தான். பொருந்தாது என்று பட்டால் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் துறை வல்லுநரான மதிப்பீட்டாளருக்கு அனுப்பாமலே திருப்பிவிடுவார்கள்.

ஆய்வு முறைப் பகுதியில் தோட்டத்தைத் தெரியாத ஒருவருக்கு எழுதுகிறோம் என்பது நினைவிருக்கட்டும். லயத்து வீடு, பால்மரக் காடு, காலைப் பெரட்டு எல்லாம் நமக்குத் தெரியும், மதிப்பீட்டாளர் வேறு நாட்டில் இருக்கலாம். ஒரு வரியில் விளக்கிவிடுங்கள், வரலாறு சொல்ல உட்காராதீர்கள்.

ஒப்புமைச் சோதனையில் உங்கள் ஆய்வேடே உங்களுக்கு எதிராக நிற்கும், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அது ஏறியிருந்தால் ஒப்புமை பார்க்கும் மென்பொருளான டர்னிடின் அதைப் பிடிக்கும். வாக்கியங்களைப் புதிதாக எழுதுங்கள். இந்தக் கட்டுரை ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று இதழாசிரியருக்கான கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தியிருந்தால் இதழின் விதிப்படி அதையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கருவியை ஆசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிமுறைகளுக்கான கோப் அமைப்பு 2023லேயே தெளிவாக்கிவிட்டது.

7. எழுத்துரு, படம், மேற்கோள்

தமிழில் எழுதுகிறவர்கள் யுனிகோடில் மட்டும் எழுதுங்கள். பழைய முரசு அஞ்சல் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் நம் பலரிடம் இன்னும் இருக்கின்றன, அதிலிருந்து வெட்டி ஒட்டினால் இதழாசிரியர் திரையில் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோதான் தெரியும். மாற்றியபின் கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளடக்கும் தெரிவைப் போட்டுவிட்டு, வேறொருவர் கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் நூல்களின் விவரத்தை ரோமன் எழுத்திலும் கேட்கும் இதழ்கள் உண்டு, ஒரே ஒலிபெயர்ப்பு முறையைக் கடைசி வரை பின்பற்றுங்கள்.

படங்கள் பொதுவாக 300 டிபிஐ தரத்தில் வேண்டும். புலனத்தில் வந்த படம் சுருங்கி வந்த படம், அது அச்சுக்கு உதவாது. எடுத்தவரிடம் மூலக் கோப்பை மின்னஞ்சலில் கேளுங்கள். முகம் தெரிகிற படத்துக்குத் தனிச் சம்மதம் வேண்டும். அட்டவணையைப் படமாக ஒட்டாமல் வேர்டிலேயே அட்டவணையாகப் போடுங்கள்.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஸொட்டேரோ மென்பொருள் இலவசம், வேர்டோடு இணைந்து வேலை செய்யும். கல்வி, சமூகவியல் இதழ்களில் ஏபிஏ 7ஆம் பதிப்புதான் அதிகம், மருத்துவத்தில் எண் போடும் வேன்கூவர் முறை. மென்பொருள் தந்ததை அப்படியே நம்பாமல், உள்ளே காட்டிய ஒவ்வொரு மேற்கோளும் கடைசிப் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ளதெல்லாம் உள்ளே வந்திருக்கிறதா என்று கையால் டிக் அடியுங்கள். சலிப்பான வேலைதான், ஓர் ஞாயிறு மதியம் போதும்.

8. அனுப்பும் கோப்புகள்

பெயர் மறைத்த மதிப்பீடு என்றால் தலைப்புப் பக்கம் தனிக் கோப்பு, பெயரில்லாத கட்டுரை தனிக் கோப்பு. பெயரை முதல் பக்கத்தில் எடுத்துவிட்டு நன்றியுரையில் நெறியாளர் பெயரை விட்டுவைப்பதும், “எனது முந்தைய ஆய்வில்” என்று எழுதுவதும் அடிக்கடி நடப்பது. கோப்பின் உள்விவரத்திலும் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும், வேர்டில் ஃபைல், இன்ஃபோ போய் இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட் அழுத்தி நீக்குங்கள்.

இதழாசிரியருக்கான கடிதம் ஒரு பக்கம் போதும். தலைப்பு, என்ன கண்டீர்கள், ஏன் இந்த இதழ், வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி. இந்தக் கடைசி வரி வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவது கடுமையான விதிமீறல். இவை தவிர நிதியுதவி, நலன் முரண் (முடிவால் உங்களுக்குச் சொந்த லாபம் உண்டா என்பது), தரவு எங்கே கிடைக்கும் என்ற அறிக்கைகள் வேண்டும். நிதி இல்லையென்றால் “இல்லை” என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

9. ஏற்றும் நாள்

நம் பக்கம் மழை பிடித்தால் இணையம் போய்விடும். பெரிய கோப்பாக இருந்தால் ஈப்போவில் நூலகத்திலோ பள்ளியிலோ உட்கார்ந்து ஏற்றுவது நிம்மதி. உள்நாட்டுப் பல்கலைக்கழக இதழ்கள் பலவும் கட்டுரைகளைப் பெறுவதற்கு ஓஜேஎஸ் என்ற இணைய முறையைப் பயன்படுத்துகின்றன, பாதியில் விட்டாலும் மறுபடி வந்து தொடரலாம். சுருக்கத்தையும் திறவுச்சொற்களையும் ஆசிரியர் விவரங்களையும் ஒரு குறிப்புக் கோப்பில் தயாராக வைத்திருந்தால் ஒட்டிக்கொண்டே போகலாம். எல்லா ஆசிரியர்களையும் சேர்த்துவிடுங்கள், பிறகு சேர்க்கக் கேட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.

எடிட்டோரியல் மேனேஜர் போன்ற முறைகளில் எல்லாம் ஏற்றி முடித்தபின் ஒரு பிடிஎஃப் உருவாகும், அதைத் திறந்து பார்த்து ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கட்டுரை அங்கேயே கிடக்கும், இதழாசிரியருக்குப் போயிருக்காது, நீங்களோ பதிலுக்குக் காத்திருப்பீர்கள். கட்டுரை எண்ணோடு உறுதி மின்னஞ்சல் வந்தால்தான் போய்ச் சேர்ந்தது என்று பொருள்.

10. பதில் வந்தால்

மதிப்பீட்டாளருக்கு அனுப்பாமல் திருப்புவதாக இருந்தால் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ தெரிந்துவிடும். மதிப்பீடு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை இழுப்பது சாதாரணம், அதற்கு மேலும் போகும். மூன்று மாதம் கழிந்தும் நிலை மாறவில்லையென்றால் பணிவாக ஒரு வரி கேட்பதில் தவறில்லை.

“பெரிய திருத்தம்” என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே பதில் எழுத உட்காராதீர்கள். மறுநாள் ஓர் அட்டவணை போடுங்கள்: அவர் சொன்னது, நீங்கள் செய்தது, எந்தப் பக்கம் எந்த வரி. ஒரு கருத்தையும் விடாதீர்கள். ஒப்புக்கொள்ள முடியாததைக் காரணத்தோடு மரியாதையாக மறுக்கலாம், மதிப்பீட்டாளருக்குத் தோட்டப் பள்ளியின் நிலைமை தெரியாமல் கேட்டிருந்தால் அதை விளக்கி, அந்த விளக்கத்தைக் கட்டுரைக்குள்ளும் சேருங்கள். கெடு ஆண்டிறுதித் தாள் திருத்தும் வாரத்திலோ தீபாவளியிலோ வந்து விழுந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பொதுவாகக் கூட்டித் தருவார்கள். கெடு தாண்டியபின் கேட்டால் புதிதாக அனுப்பச் சொல்லலாம்.

நிராகரித்தால் கருத்துகளைப் படித்துத் திருத்திவிட்டு, பட்டியலில் உள்ள இரண்டாவது இதழின் வடிவத்துக்கு மாற்றி அனுப்புங்கள். திருத்தாமல் அப்படியே அனுப்பாதீர்கள். துறை சிறியது, அதே மதிப்பீட்டாளரிடமே போய்ச் சேரலாம்.

11. ஏற்றபிறகு

வெளியிடுவதற்கு முன் சரிபார்க்க மெய்ப்புப் படி வரும், இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். பெயர், பணியிடம், அட்டவணை எண்கள், தமிழ் எழுத்துகள் இவற்றை மட்டும் பாருங்கள், வாக்கியங்களை மாற்றியெழுத அனுமதி இராது. பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடும் முன், எந்த வடிவத்தை நீங்கள் மற்றவர்களோடு பகிரலாம் என்பதைப் படியுங்கள். சில இதழ்கள் ஏற்கப்பட்ட கைப்படியைப் பகிர விடும், அச்சான பிடிஎஃப்பை விடாது.

வெளிவந்ததும் ஓர்கிட் பக்கத்தில் சேருங்கள். இபிஆர்டி அனுமதிக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், ஆய்வறிக்கையின் படி கேட்டிருந்தால் அனுப்பி வையுங்கள். பள்ளிக்கும் தோட்ட ஆபீசுக்கும் ஒரு படி. ஆய்வில் பங்கெடுத்த பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கொடுங்கள். அதில் எந்தப் பிள்ளையின் பெயரும், யாரென்று ஊகிக்கக்கூடிய விவரமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.